சீனியும் எலும்பும்: அல்-பக்தாதி முதல் வல்வெட்டித்துறை வரை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வல்வெட்டித்துறையில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் பாடம். 'தாது' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். பூவில் இருந்தால் மகரந்தம், மண்ணில் இருந்தால் உலோகம், இலக்கணத்தில் வினையின் வேர். வீரசோழியத்தில் இதற்கென ஒரு படலமே உண்டு. வைத்தியத்திலோ உடம்பைத் தாங்கி நிற்கும் ஏழு பொருள்கள் தாது எனப்படும். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்.

முன் வாங்கில் இருந்த பிள்ளையின் இடக்கை மணிக்கட்டில் பிளாஸ்டர். விளையாட்டுத் திடலில் விழுந்து முறிந்தது, ஒன்றரை வருடத்தில் இரண்டாவது தடவை. ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் போடுகிற பிள்ளை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இடைவேளைக்கு முன் ஊசி போடுவதை யாரும் இப்போது வேடிக்கை பார்ப்பதில்லை. கரும்பலகையில் ஐந்தாவது சொல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சேர், சீனி எலும்பையும் தின்னுமோ?"

தமிழ் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "டொக்டரிட்ட கேட்டுச் சொல்லுறன்" என்று சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. தெரிந்த வைத்தியர் ஒருவரைக் கேட்டேன். நூலகத்தில் தேடினேன். தேடத் தேட, இது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல, வரலாற்றுக் கேள்வியும்தான் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலையும், சொல்லாமல் விட்ட கதையையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெயர்களிலிருந்து தொடங்குவோம். எங்கட யாழ்ப்பாணத்துச் சனம் இந்த வருத்தத்தைச் சலரோகம் என்று சொல்லும். ஏட்டில் நீரிழிவு. கிரேக்கர் இட்ட 'டயபிட்டிஸ்' என்ற பெயருக்கு ஊடாக ஓடிப்போவது என்று பொருள். குடித்த நீர் உடம்பில் தங்காமல் குழாயால் போவதுபோலப் போய்விடுகிறது என்ற கருத்து. அரபு வைத்தியர்கள் அதையே 'தியாபீதுஸ்' என்று எழுதினார்கள். அவர்கள் வழங்கிய இன்னொரு பெயர் 'தூலாப்', அதாவது நீரிறைக்கும் சக்கரம். (நம் கிணற்றடித் துலாவோடு ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு நான் புறப்படவில்லை. நமது ஏடுகளில் அந்த வகை ஆராய்ச்சி ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.) வடமொழியில் மதுமேகம், தேன்போன்ற நீர். சுஸ்ருதர் காலத்திலேயே சிறுநீரின் இனிப்பு இந்தியாவில் தெரிந்திருந்தது. ஐரோப்பாவில் தோமஸ் வில்லிஸ் அதை எழுதியது 1674இல். அந்த இனிப்புக்குக் காரணம் சீனிதான் என்று மத்தியூ டொப்சன் காட்டியது 1776இல்.

இத்தனை பெயரிலும் நீர் இருக்கிறது, இனிப்பு இருக்கிறது. எலும்பு எங்குமே இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே மனிதர் பெயர் வைப்பார்கள். பெயரில் இல்லாதது பிறகு தேடப்படுவதும் குறைவு. ஏழாலை ஐ. பொன்னையா பதிப்பித்த பரராசசேகரத்தில் மேகரோகத்தோடு பிளவையும் சேர்ந்து வருகிறது. ஆறாத புண் கண்ணுக்குத் தெரிகிற பொருள். உள்ளே இருக்கிற என்பு அப்படியல்ல.

கிரேக்க வைத்தியர் அரெட்டேயஸ் மட்டும் ஓரளவு கிட்ட வந்தார் எனலாம். தசையும் அவயவங்களும் உருகிச் சிறுநீராய் வெளியேறுகிற நோய் என்று அவர் இதை விவரித்தார். ஆனால் அவர் கண்டது மெலிவை. நோயாளி எலும்பும் தோலுமாவதைப் பார்த்தவர், அந்த எலும்புக்கே என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

இரண்டையும் ஒரே மனிதர் கையில் எடுத்த சந்தர்ப்பம் ஒன்று நமது வரலாற்றில் உண்டு. அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி 1162இல் பக்தாதில் பிறந்தவர். மொழியும் இலக்கணமும் ஹதீஸும் கற்று, பிறகு வைத்தியத்துக்கு வந்தவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அந்த இலக்கணமும் ஒரு காரணம். ஸலாஹுத்தீன் ஐயூபியின் ஆதரவைப் பெற்றவர். கெய்ரோவில் மூஸா இப்னு மைமூனைச் சந்தித்தவர். அல்-அஸ்ஹரில் கற்பித்தவர். 1200ஆம் ஆண்டில் நைல் பெருகவில்லை. அடுத்த வருடமும் அப்படியே. எகிப்தில் பெரும் பஞ்சம். மனிதர் மனிதரைத் தின்றதைக்கூட அவர் தனது 'அல்-இஃபாதா வல்-இஃதிபார்' என்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார். அதை வாசிக்க நெஞ்சுரம் வேண்டும்.

அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களின் எலும்புகள் அல்-மக்ஸ் என்ற இடத்தில் மேடாகக் குவிந்து கிடந்தன. அல்-பக்தாதி அங்கே போனார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் நாடியில் பொருந்தியது என்பது கலேன் சொன்ன பாடம். ஆயிரம் வருடமாக யாரும் அதை மறுக்கவில்லை. அல்-பக்தாதி 2,000க்கும் அதிகமான தலைகளைப் பார்த்தார். மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார். பொருத்து எதுவும் இல்லை, கீழ்த்தாடை ஒரே எலும்புதான். கலேனின் மதிப்பு பெரிது, ஆனால் கண்ணால் காண்பது அதைவிட நம்பத்தக்கது என்ற கருத்தில் அவர் எழுதினார். (கலேன் சொன்னதில் ஒரு துளி உண்மையும் உண்டு. குழந்தை பிறக்கும்போது கீழ்த்தாடை இரண்டாகத்தான் இருக்கும், முதல் வயதுக்குள் ஒன்றாகிவிடும். எலும்பு வளர்கிற பொருள் என்பதை இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னுக்குத் தேவைப்படும்.)

அதே மனிதர் 1225இல் தியாபீதுஸ் என்ற நோயைப் பற்றித் தனியாக ஒரு ரிஸாலா எழுதினார். அந்த ஒரு நோய்க்கென்றே எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களில் ஒன்று அது. 1231இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில் பக்தாதில் வபாத்தானார்.

நமது ஆட்கள் இந்த இடத்தில் ஒரு பிழை விடுவார்கள். 'நீரிழிவு எலும்பைப் பாதிக்கும் என்று எண்ணூறு வருடத்துக்கு முன்னமே முஸ்லிம் அறிஞர் கண்டுபிடித்தார்' என்று தலைப்புப் போடுவார்கள். அப்படி இல்லை. எலும்பு மேட்டின் மேலும் நின்றார், நீரிழிவைப் பற்றியும் எழுதினார், ஆனால் இரண்டையும் இணைக்கவில்லை. இணைத்திருக்கவும் முடியாது. அதற்கு அவரது அறிவு காரணமல்ல. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளை, எலும்பைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு உயிரோடு இருக்கவில்லை.

இதுதான் எனக்குத் தேடலில் கிடைத்த திறப்பு. சின்ன வயதில் வருகிற நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. 1922க்கு முன் அது வந்த பிள்ளைக்கு மாதக்கணக்கு, மிஞ்சினால் ஓரிரு வருடம். அமெரிக்காவில் பிரெட்ரிக் அலன் என்ற வைத்தியர் பட்டினியால் அந்த நாட்களைக் கொஞ்சம் நீட்டினார். எலிசபெத் ஹியூஸ் என்ற பிள்ளை 1922 ஓகஸ்டில் ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டபோது ஏறக்குறைய 15 வயது, நிறை 20 கிலோ. அதே நகரில் அதே வருடம் ஜனவரி 11ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் சாறு ஏற்றப்பட்டது. முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாறு 23ஆம் திகதி ஏற்றப்பட, பையன் எழும்பினான். மேலும் 13 வருடம் வாழ்ந்தான். எலிசபெத் 73 வயது வரை வாழ்ந்தார்.

பிள்ளைகள் சாகாமல் இருக்கத் தொடங்கியதும் அவர்கள் வளரத் தொடங்கினார்கள். வளரத் தொடங்கியதும் எலும்பின் கேள்வி எழுந்தது. அதற்கு ஐந்து வருடம்தான் எடுத்தது. 1927இல் மொரிசன், போகன் என்ற இருவர் நீரிழிவுள்ள சிறுவர்களின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நீண்டநாள் நோயோடு இருந்த பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி பின்தங்கியிருந்தது, எலும்பு நலிந்திருந்தது. 1930இல் பிரான்சின் மோரியாக், சீனி சரியாகக் கட்டுப்படாத பிள்ளைகள் குள்ளமாகி, ஈரல் வீங்கி, பருவமடையப் பிந்துவதை எழுதினார். இன்றும் அந்த நிலைக்கு அவர் பெயர்தான்.

அந்தக் காலத்தில் சிறுவர் நீரிழிவுக்குப் பேர்போன நகரம் பொஸ்டன். எலியட் ஜொஸ்லினோடு சேர்ந்து வேலைசெய்த பிரிசில்லா வைட், சிறுவரும் இளைஞருமான நோயாளிகளைப் பற்றி 1932இல் தனி நூலே எழுதினார். வல்வெட்டித்துறை ஆட்களுக்கு அந்தக் கரை ஒன்றும் புதிதல்ல. இங்கே வேப்பமரத்தில் கட்டிய 89 அடிக் கப்பல் அன்னபூரணியை அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைப் பாய்விரித்து ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஓகஸ்டு 1ஆம் திகதி குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளொஸ்டரிலிருந்து பொஸ்டன் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அன்னபூரணிக் கதை நல்ல பாடம். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளைக்கும் பொஸ்டனை இப்படித்தான் அறிமுகம் செய்தேன்: "உங்கட ஊர்க் கப்பல் போன இடத்துக்குப் பக்கத்திலதான் உன்ர கேள்வியை முதல்ல கேட்டவை."

கேட்டார்கள், ஆனால் தொடரவில்லை. 1948இல் ஒல்பிரைட்டும் ரைபென்ஸ்டைனும் தங்கள் நூலில் நீரிழிவையும் எலும்பு இழப்பையும் சேர்த்துச் சொன்னார்கள். பிறகு நீண்ட மௌனம். காரணம் கருவி. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருப்பது தெரிய, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். கண், சிறுநீரகம், கால் என்று வெளியே தெரிகிற சேதங்கள் வைத்தியர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டன. எலும்பின் அடர்த்தியை அளக்கிற கருவி வந்தபின்தான், 1976இல் லெவினும் அவரது சகாக்களும் அளந்து காட்டினார்கள். இன்சுலின் போடுகிற இளையோரின் எலும்பு, அதே வயதுச் சுகதேகியின் எலும்பைவிடக் குறைவாக இருந்தது.

ஏன் அப்படி? எனக்கு வைத்தியர் விளங்கப்படுத்தியதை நான் பிள்ளைகளுக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

எலும்பு கல் அல்ல. ஒரு பக்கத்தால் இடித்து மறுபக்கத்தால் கட்டிக்கொண்டே இருக்கிற வீடு. கட்டுகிற கலங்கள் வேறு, இடிக்கிற கலங்கள் வேறு. பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் கட்டுகிற வேலை மும்முரம். ஒரு மனிதன் வாழ்நாளில் சேர்க்கிற எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். அதிலும் பருவமடைகிற அந்தச் சில வருடங்களில் சேர்வதுதான் பெரும்பங்கு. அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாம், பெரிதாகச் சேர்க்க முடியாது. உழைக்கிற வயதில் போட்ட காசை வயதான காலத்தில் எடுத்துச் சாப்பிடுவது போலத்தான்.

கட்டுகிற கலங்களுக்கு இன்சுலினும், அதனோடு ஒத்த இன்னொரு வளர்ச்சிச் சுரப்பும் கூலி மாதிரி. இன்சுலின் குறைந்தால் அந்தச் சுரப்பும் குறையும், மேசன்மார் வேலைக்கு வரமாட்டார்கள். இரத்தத்தில் சீனி கூடும்போது சிறுநீரில் சீனி போவதோடு கல்சியமும் போகும், சுண்ணாம்பு கரைந்துபோகிற கணக்கு. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. எலும்புக்குள் கல்சியம் மட்டுமல்ல, கொலஜன் என்ற நார்க்கயிறும் இருக்கிறது. அந்தக் கயிறுதான் எலும்புக்கு வளைந்துகொடுக்கிற தன்மையைத் தருவது. நீண்டகாலம் சீனி கூடுதலாக இருந்தால் அது கயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். சீனிப்பாணியில் தோய்த்துக் காயவிட்ட வலைக்கயிற்றை யோசித்துப் பாருங்கள். பார்வைக்குத் தடிப்பு, மடித்தால் முறியும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வலைக்கயிற்றை விளங்கப்படுத்த வேண்டியதில்லை, உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பெரியவர்களுக்கு வருகிற, இப்போது உடல் பருத்த இளம்பிள்ளைகளுக்கும் வரத்தொடங்கியிருக்கிற இரண்டாம் வகை நீரிழிவில் இந்தக் கயிற்றுக் கோளாறுதான் ஏமாற்றுவது. எலும்பை அளந்தால் அடர்த்தி சரியாக, சிலவேளை கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் முறியும் வாய்ப்பு அதிகம். நீரிழிவு முற்றாக வருவதற்கு முன்னமே இது தொடங்கலாம். 2010இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பருத்த சிறுவர்களை ஆராய்ந்தபோது, சீனி எல்லையில் நின்ற பிள்ளைகளின் எலும்புத் திணிவு அதே பருமனுள்ள மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தது. நமது வீடுகளில் 'கொழுத்த பிள்ளை, பலமான பிள்ளை' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது அல்லவா, வட்டிலப்பமும் சோடாவுமாக வளர்க்கிறோம் அல்லவா, அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2015இல் பிரித்தானியாவில் முதலாம் வகை நீரிழிவுள்ள 30,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முறிவு ஆபத்து சிறுவயதிலேயே கூடத் தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் தொடர்வது தெரிந்தது. சிறுவயதில் அந்த வித்தியாசம் சின்னது, வயது போகப்போகத்தான் பெருக்கும். ஆகவே அந்தப் பிள்ளையின் இரண்டு முறிவுக்கும் சீனிதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சீனி இல்லாத பிள்ளைகளும் அந்தத் திடலில் விழுந்து முறித்திருக்கிறார்கள். நான் அவளுக்குச் சொன்னதும் அதுதான்: "தின்னும். ஆனா மெல்லத் தின்னும். சீனியைக் கட்டி வைச்சா வாயைக் கட்டின மாதிரி."

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம்.

எலும்பைப் பற்றிய நவீன அறிவு யாழ்ப்பாணத்துக்குப் பிந்தி வந்ததல்ல. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து 60க்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். பின்னாளில் அந்தப் பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார். அவரும் மாணவர்களும் வெளியிட்ட 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வந்தது. மனித உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் தமிழில் பெயர் தேடியவர்கள் அவர்கள். தமிழில் வைத்தியம் கற்பித்த முன்னோடி மண் இது. அப்படிப்பட்ட மண்ணில், எலும்பு சேர்க்கிற வயதில் இருந்த ஒரு தலைமுறை 1990க்குப் பிறகு என்ன உண்டு வளர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பட்டரி, மண்ணெண்ணெய், உரம் தொடக்கம் பலவற்றுக்குக் கட்டுப்பாடு. மருந்தும் அனுமதி பெற்றுத்தான் வரவேண்டும், செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்போடு கப்பலில் வரும். வல்வெட்டித்துறை அதற்கு முன்னமே 1987 வடமராட்சிப் படை நடவடிக்கையையும் 1989 ஓகஸ்டில் நடந்த படுகொலையையும் கண்ட ஊர். மீன்பிடிக்கும் தடை. கடற்கரை ஊரில் மீன் இல்லாத நாட்கள்.

இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத வெக்கையில் எங்கே வைப்பது? புது மண்பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதற்குள் போத்தலைப் புதைத்து, வாயை ஈரச்சாக்கால் மூடி, வீட்டின் இருண்ட மூலையில் வைத்தார்கள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வல்வெட்டித்துறையில் என் பக்கத்து வீட்டு ஆச்சி. மணலை நனைக்கிற வேலை அவவுடையது. "கோயிலுக்கு விளக்கு வைக்க மறந்தாலும் பானைக்குத் தண்ணி தெளிக்க மறக்கேல்லை தம்பி" என்றா. நீராவியாகும்போது குளிர்கிற அந்தப் பானை முறை பயனுள்ளது என்பதைப் பின்னாளில் வெப்பநாடுகளில் செய்த ஆய்வுகளும் ஏற்றுக்கொண்டன.

போத்தல் வந்தால் மருந்து, வராவிட்டால் அளவைக் குறைப்பது. பத்து நாளுக்குரியதைப் பதினைந்து நாளுக்கு இழுப்பது. உயிர் தப்பும், ஆனால் சீனி ஏறி நிற்கும். அந்த உயர்ந்த சீனியோடு, பாலும் முட்டையும் குறைந்த தட்டோடு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எலும்பு சேர்த்தவர்களுக்கு இன்று ஐம்பதை அண்மித்த வயது. மோரியாக் 1930இல் எழுதியது புத்தகத்தில் இருக்கிற விசயம் அல்ல, இந்தக் கரையில் நடந்திருக்கக்கூடிய விசயம்.

இதில் நமது பங்கும் உண்டு. அதே 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். நான் அப்போது சின்னப் பையன். வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலோர் புத்தளத்துக்கு. ஓலைக் கொட்டிலில் வளர்ந்த எங்கள் பதின்ம வயதும் எலும்பு சேர்க்கிற வயதுதான். நிவாரண அரிசி, பருப்பு, சீனி. சீனி எப்போதும் இருந்தது என்பதை இப்போது நினைக்கச் சிரிப்பும் வருகிறது, வேறென்னவோவும் வருகிறது. உம்மம்மாவுக்குச் சலரோகம். அவ கொண்டுவந்த ஒரேயொரு பையில் உடுப்பு இருந்தது, மருந்துச் சிட்டை இல்லை. புத்தளத்தில் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இங்கே மண்பானை, அங்கே தொலைந்த சிட்டை. ஒரே வருடத்தில் இரண்டு சமூகத்திலும் நோயின் பதிவு அறுந்துபோனது.

அறுந்தது மறுபடி தொடுக்கப்படவும் இல்லை. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று யார் எழுதினாலும் எடுத்துக்காட்டுகிற ஆய்வு 2005, 2006 காலத்தில் நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு, ஐந்தில் ஒருவருக்குச் சீனியில் ஏதோ கோளாறு என்ற புகழ்பெற்ற கணக்கு அதிலிருந்து வந்தது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. ஆய்வாளரைக் குறைசொல்வதற்கில்லை, அவர்களே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பத்திரிகையில் 'இலங்கையில்' என்று வாசிக்கும்போது அந்த 'இலங்கை'க்குள் வல்வெட்டித்துறையும் இல்லை, மூதூரும் இல்லை, காத்தான்குடியும் இல்லை என்பதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். பெரியவர்களின் சீனிக்கே இந்த நிலை என்றால் பிள்ளைகளின் எலும்பை எந்தக் கணக்கில் தேடுவது?

பிளாஸ்டர் வெட்டிய பிறகு அந்தப் பிள்ளையின் தாய் பாடசாலைக்கு வந்தா. இனி விளையாட்டுக்கு விடவேண்டாம் என்று கேட்க வந்தவ. "விழுந்தா முறியுமெண்டு பயம் சேர். படிப்பு மட்டும் போதும்." அவவின் பயம் நியாயமானது, முடிவு பிழை. ஓடுவதும் குதிப்பதும் எலும்பில் பாரம் ஏற்றுகிறது. அந்தப் பாரத்தைக் கண்டுதான் கட்டுகிற கலங்கள் வேலைக்கு வருகின்றன. இருத்தி வைத்த பிள்ளையின் எலும்பு இன்னும் மெலியும். கிளினிக்கில் கேட்டுக்கொண்டு வாருங்கோ என்று அனுப்பினேன். அங்கேயும் அதையே சொல்லியிருக்கிறார்கள்: விளையாட முன் சீனி பார்க்க வேண்டும், பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், ஆனால் விளையாட வேண்டும். கால்பந்துக்குப் பேர்போன ஊரில் ஒரு பிள்ளையை மதிலோரம் நிற்கவைப்பது என்ன நியாயம்?

நமது வாசகர்களுக்கு இரண்டு விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது வெயில். விற்றமின் டி இல்லாமல் கல்சியம் குடலில் ஏறாது. தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு அதைச் செய்யும். இத்தனை வெயில் உள்ள நாட்டில் பற்றாக்குறையா என்று கேட்பார்கள். காலை டியூசன், பகல் பாடசாலை, பின்னேரம் மறுபடி டியூசன் என்று போகிற பிள்ளை எந்த வெயிலைக் கண்டது? அதோடு நமது பெண்பிள்ளைகள் வெளியே போகும்போது மூடிய உடையில் போகிறார்கள். உடையைக் குறைசொல்ல வரவில்லை. வீட்டு முற்றத்தில், மதிலுக்குள், கையும் முகமும் வெயில் காண ஒரு நேரம் ஒதுக்குவது மார்க்கத்துக்கு மாறானதல்ல. சீனி உள்ள பிள்ளை என்றால் விற்றமின் டி அளவையும் பார்க்கலாமா என்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது நோன்பு. இன்சுலின் போடுகிற பிள்ளை நோன்பு பிடிப்பது ஆபத்தானது. சீனி இறங்கி மயங்கலாம், அல்லது ஊசியைக் குறைத்துச் சீனி ஏறலாம். நோயாளிக்கு அல்-பகறா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலேயே சலுகை இருக்கிறது. அப்படியிருந்தும் 'மற்றப் பிள்ளைகளெல்லாம் பிடிக்குது' என்று வெட்கப்படுத்துகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு மாதம் ஏறி நிற்கிற சீனி எலும்பிலும் கணக்கு வைக்கும். வைத்தியரிடமும் ஆலிமிடமும் சேர்த்துக் கேட்டு முடிவெடுப்பதுதான் முறை.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. முருங்கை இலை, எள்ளு, முள்ளோடு தின்னுகிற நெத்தலி எல்லாம் வடமராட்சிக் குசினியில் எப்போதும் இருந்தவை. பதின்ம வயதில் ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் அளவு வேண்டும் என்று சொல்கிறார்கள். குரக்கனும் மாச்சத்துத்தான், சீனி உள்ள பிள்ளை அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். 'குரக்கன் சீனிக்கு மருந்து' என்று இரண்டு கோப்பை கூழ் குடிக்கிற பழக்கம் பிழை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1990க்கும் 1995க்கும் இடையில் வடமராட்சியிலோ, வலிகாமத்திலோ, புத்தளம் முகாம்களிலோ சின்ன வயதில் சலரோகத்தோடு வாழ்ந்தவர்கள், அல்லது அப்படியான பிள்ளையை வளர்த்தவர்கள் இதை வாசிக்கக்கூடும். மருந்துச் சிட்டை, கிளினிக் அட்டை, மருந்துக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதப் பிரதி, இப்படி எது உங்களிடம் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ஒளிப்படப் பிரதி எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள், பெயரை மறைத்து அனுப்பினாலும் போதும். எங்கே எப்போது எலும்பு முறிந்தது என்பதும் ஞாபகம் இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியின் பானைக் கதையை நான் ஒரு கொப்பியில் எழுதி, திகதி போட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அந்தக் கொப்பியில் இருப்பது அந்த ஒரு கதைதான்.